ஒரே ஆள், இரண்டு பஸ்

டிப்போவில் டியூட்டி மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு டிரைவர்களும் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். ஒருத்தர் வந்து இன்னொருத்தருக்கும் சேர்த்துப் பேசுவதெல்லாம் அங்கே செல்லாது. கொடுக்கிறவர் "குடுத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். "சரி" என்றால் போதாது. தலையை ஆட்டினால் போதவே போதாது. இரண்டு வாயும் திறந்து, இரண்டு சொல்லும் காதில் விழுந்த பிறகுதான் ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவள் பேனாவைத் திறப்பாள்.

அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே வந்த சட்டம் அது. "அவன் பாத்துக்குவான்" என்று இவனும், "இவன் பாத்துக்குவான்" என்று அவனும் வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள, ஒரு பஸ் நிறைய ஜனம் டிரைவர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் பொறுமை இழந்த ஒரு பயணி டிரைவர் சீட்டில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். அன்றிலிருந்து இரண்டு வாய்.

அவளுடைய வேலை டியூட்டி சார்ட் போடுவது. எந்த டிரைவர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு. வயதான டிரைவர்கள் அவளைத் தங்கச்சி என்பார்கள். சின்னவர்கள் மேடம் என்பார்கள். டியூட்டி மாற்றம் கிடைக்காதவர்கள், கொஞ்சம் தள்ளிப் போனதும், "சட்டம்" என்பார்கள். அது அவள் காதில் விழும். விழட்டும் என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஜன்னலுக்கு வந்தவர் பிரேக் அண்ணன். நடு ரோட்டில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தால்கூட வண்டியை நிறுத்தி, அது எழுந்து போகும்வரை காத்திருக்கிற மனுஷர். அதனால் அந்தப் பெயர்.

"தங்கச்சி, வியாழக்கிழமை காலை வண்டிய மீசைக்கு மாத்திவிட்டுரு. அவனோட மதியத்த நான் ஓட்டறேன்."

"மீசை அண்ணன் எங்க?"

"வண்டியில இருக்கான். ஒத்துக்கிட்டான்."

"ஒத்துக்கிட்ட வாய் இங்க வரட்டும்."

"எப்படி வரும்? நான் வர்றப்ப அவன் போறான், அவன் வர்றப்ப நான் போறேன். எங்க ரெண்டு பேரையும் சூரியனும் சந்திரனுமா ஆக்கி வச்சிருக்கறதே நீதானே."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் பேனாவைத் திறக்கவில்லை.

"என் பொண்ணு வியாழக்கிழமை ஓட்டப் பந்தயத்துல ஓடுறா," என்றார் அவர். "எங்கப்பா வருவாருன்னு ஸ்கூல் முழுக்க சொல்லி வச்சிருக்கா. வாத்தியார்கிட்டகூட சொல்லிட்டாளாம்."

"அண்ணே, ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

"உன் மனசு என்ன, ஷெட்டுல கிடந்த ஸ்பேர் பார்ட்டா?" என்று கேட்டுவிட்டு அவர் போனார். அவர் கோபத்தில்கூட மெதுவாகத்தான் போவார்.

அன்று மாலை அவள் கல்லூரிக்குப் போனாள். பகலெல்லாம் டிப்போ, மாலையில் வகுப்பு என்று இது மூன்றாவது வருஷம். கடைசி வருஷம். இந்தப் பரீட்சைகள் முடிந்தால் பட்டம். பட்டம் வந்தால் சார்ட் போடுகிறவள் கால அட்டவணை போடுகிறவளாக மேலே போகலாம். வராவிட்டால் இதே ஜன்னல்.

அந்த வாரம் ஏற்கெனவே மூச்சு முட்டுகிற வாரம். பிராஜெக்ட் அறிக்கையை பைண்ட் செய்து கொடுக்க வெள்ளிக்கிழமை கெடு. புள்ளியியல் ரெக்கார்டு நோட்டுக்கும் அதே வெள்ளிக்கிழமை. டிப்போவிலும் விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை புது கால அட்டவணை தொடங்குகிறது, அதற்கான சார்ட் முழுவதையும் மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார். "இதுல என்ன இருக்கு, பாத்துக்கலாம்," என்பது அவருடைய மந்திரம். பார்த்துக்கொள்ள வேண்டியது மட்டும் எப்போதும் அவள். "திங்கட்கிழமை மட்டும் லீவுங்கற வார்த்தைய வாயில எடுக்காத," என்று அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

நோட்டீஸ் போர்டில் புதிதாக இரண்டு காகிதங்கள் குத்தியிருந்தன. புள்ளியியல் பிராக்டிகல், சனிக்கிழமை, காலை பத்து மணி. பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசிக்கொண்டு, பிராஜெக்ட் வைவா, சனிக்கிழமை, காலை பத்து மணி. முதல் காகிதத்தில் அவள் எண் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது.

மற்றவர்களுக்கு இப்படி ஆகவில்லை. புள்ளியியல் எடுத்தவர்களுக்கு வேறு ஒருவர் வழிகாட்டி, அவர்களுடைய வைவா வேறு நாள். அவளுடைய வழிகாட்டி மட்டும் வருஷத்தின் நடுவில் வேலையை விட்டுப் போனதால், அவளைத் தூக்கி மேலாண்மை மேடத்தின் பட்டியலில் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் வைத்ததோடு மறந்துவிட்டார்கள்.

சரி, மனுஷர்கள் செய்கிற தவறுதானே, சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு புள்ளியியல் சாரின் அறைக்குப் போனாள். பாவம், அப்போது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

சார் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப வைவாவ மாத்தச் சொல்லு."

"நீங்க மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, சார்."

"நான் ஏம்மா சொல்லணும்? லேப் கிடைக்கறதே குதிரைக் கொம்பா இருக்கு. நீயே போய் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத." அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "வேலைக்கு வேற போறியா?"

"ஆமா சார், டிப்போவுல."

"அதான். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சா இப்படித்தான் ஆகும்."

மேலாண்மை மேடத்தின் அறை நடைபாதையின் மறுகோடியில். போகிற வழியில், பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்பு பீரோ நின்றது. அவள் சேர்ந்த நாளிலிருந்தே அது அங்கேதான் நிற்கிறது. எல்லோரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவித்தான் அதைத் தாண்டுவார்கள். அவளும் நழுவினாள்.

மேடம் பிரியமாக உட்காரச் சொன்னார். அதுதான் ஆபத்து.

"வேலை பாத்துக்கிட்டே படிக்கறது கஷ்டம்தாம்மா. எனக்குத் தெரியாதா? நான் படிக்கறப்ப கைக்குழந்தை. ஒரு கையில குழந்தை, ஒரு கையில புத்தகம்." குழந்தை அழுதது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, குழந்தை தவழ்ந்தது, நடந்தது. அவள் காத்திருந்தாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, முதல் மதிப்பெண் வாங்கி, இப்போது வெளியூரில் வேலை பார்ப்பதுவரை வந்த பிறகு மேடம் முடித்தார். "ஒரு கெடுகூட நான் தவறவிட்டதில்ல. மனசு வேணும். அவ்வளவுதான்."

"மேடம், கெடு இல்ல மேடம். ஒரே நேரத்துல ரெண்டு இடம்."

"அப்ப அந்தப் பக்கம் மாத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

மறுபடி பீரோ. மறுபடி நழுவல். "யாரு மாத்தச் சொன்னா?" என்றார் சார். "யாரும் சொல்லல சார், நானாத்தான் கேக்கறேன்." "அப்ப நீயாவே போய் அங்க கேளு." மறுபடி பீரோ. மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலையும் அதே நடை. கடைசியில் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த கிளார்க் சொன்னார்: "சிஸ்டம்ல ஏத்தியாச்சேம்மா."

"யார் சார் ஏத்தினது?"

"நான்தான்."

"அப்ப இறக்கறது?"

"அது ரெண்டு டிபார்ட்மெண்டும் சேந்து எழுதிக் குடுத்தாத்தான். ஒண்ணு பண்ணு. எது முக்கியமோ அத இப்ப எழுது. இன்னொண்ண அடுத்த வருஷம் எழுதிக்கோ."

அடுத்த வருஷம். அதை அவர் தண்ணீர் குடிப்பதுபோல் சொன்னார். ஒரு வருஷம் முழுக்க டிப்போவிலிருந்து ஓடி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்ததையே மறுபடி கேட்பது. எதற்காக? இரண்டு பேர் ஒரு நடைபாதையைக் கடந்து போய்ப் பேச மாட்டார்கள் என்பதற்காக.

வீட்டில் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கா தைப்பது பள்ளிச் சீருடை. அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் தங்கையும் அக்காவும் ஒரே வீடு, ஒரே மேஜை. மேஜையின் ஒரு பாதியில் நீலத் துணி, மறு பாதியில் ரெக்கார்டு நோட்டு. எல்லை தாண்டினால் சண்டை.

"மூஞ்சிய ஏன் உர்ருன்னு வச்சிருக்க?" என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடித்து முடித்தாள்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடிம்பாங்க. உனக்கு ரெண்டு பக்கம் காலேஜ், நடுவுல டிப்போ வேற. நீ மத்தளத்தவிட ஒரு படி மேல."

"சிரிக்கற மாதிரி இருக்கா உனக்கு?"

"அழுதா மாத்துவாங்கன்னா சொல்லு, நானும் வந்து சேந்து அழறேன். ரெண்டு பேரா அழுதா சத்தம் பெருசா இருக்கும்." அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏண்டி, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா?"

"என் வழியாத்தான் பேசறாங்க. நான் என்ன புறாவா?"

"புறாவுக்காவது தானியம் போடுவாங்க. முதல்ல சாப்பிடு."

சாப்பிட்டுக்கொண்டே எழுதினாள். ஆபீஸில் முடிக்க முடியாத புதன்கிழமை சார்ட்டை செவ்வாய் மாலை வீட்டுக்கே கொண்டு வந்திருந்தாள். ஒரு பக்கம் சராசரியும் விலக்கமும். ஒரு பக்கம் வண்டியும் டிரைவரும். எல்லாமே கட்டம் போட்ட காகிதம், எல்லாமே எண். மேஜையில் அவளுக்கு அரைப்பாகம்தான், அதிலும் அக்காவின் இஞ்ச் டேப் ஒரு பாம்பு மாதிரி குறுக்கே கிடந்தது.

புதன்கிழமை காலை டிப்போ வாசலில் ஒரே கூச்சல். முதல் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது வண்டியும் கிளம்பவில்லை. இரண்டிலும் ஜனம் ஏறி உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பிரேக் அண்ணன் சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் எந்த வண்டிக்குப் போகணும்?"

"சார்ட்டுல பாருங்கண்ணே."

"பாத்துட்டுதான் கேக்கறேன். ரெண்டுலயும் என் பேரப் போட்டிருக்க. கை ரெண்டு இருக்கு, கால் ரெண்டு இருக்கு. உடம்புதான் ஒண்ணு குடுத்திருக்காங்க. இல்லன்னா சமாளிச்சிருப்பேன்."

அவள் கையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தாள். அவர் பெயர், அவள் கையெழுத்தில், அழகாக, இரண்டு கட்டத்தில், ஒரே நேரம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தவறு அவள் செய்ததில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே. தப்பு என்னோடது. நீங்க முதல் வண்டிய எடுங்க."

டீக்கடையில் நின்றிருந்த ஸ்பேர் டிரைவரைக் கையோடு இழுத்து வந்து இரண்டாவது வண்டியில் ஏற்றினாள். அவர் டம்ளரோடுதான் ஏறினார். ஜனத்திடம் போய், "கொஞ்சம் லேட்டாயிடுச்சுங்க, மன்னிச்சுக்கோங்க," என்றாள். ஒரு அம்மா உள்ளே இருந்து, "நாளைக்காவது முழிச்சுக்கிட்டே எழுது," என்றார். நியாயம்தான். வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வண்டியும் கிளம்பிப் போன சூடு ஆறுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். மெமோ ஏற்கெனவே அடித்து மேஜைமேல் இருந்தது. இன்று மட்டும் 'இதுல என்ன இருக்கு' இல்லை.

"ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு பஸ் ஓட்டுவானா? காலேஜுக்கு வேற போறேங்கற. இந்த மாதிரி வேலைய படிச்சவங்க யாராவது செய்வாங்களா?"

"படிச்சவங்கதான் சார் செய்றாங்க," என்றாள் அவள். "படிக்க வைக்கறவங்களே செய்றாங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். தப்பு என்னோடது. எழுதிக் குடுக்கறேன்."

ஜன்னலுக்குத் திரும்பி வந்து, 'ஒரு டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்குப் போட்டது என் தவறு' என்று எழுதினாள். எழுத எழுதத்தான் உள்ளே ஏதோ கொதிக்க ஆரம்பித்தது. மெமோவுக்காக இல்லை. மெமோ சரி. அவள் செய்தாள், பஸ் நின்றது, மன்னிப்புக் கேட்டாள், ஆள் மாற்றினாள், பஸ் போனது, மெமோ வாங்கினாள். ஒரு டீ ஆறுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அதே தவறைத்தானே அவர்களும் செய்தார்கள்? ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் போட்டார்கள். அவர்களுக்கு யார் மெமோ கொடுத்தது? மாறாக, போடப்பட்டவளையே கூப்பிட்டு நிற்க வைத்து, சேற்றில் ஏன் கால் வைத்தாய் என்று கேட்டார்கள். மனசு வேணும் என்றார்கள். பிரேக் அண்ணனைப் பார்த்து அவள், "மனசு இருந்தா ரெண்டு பஸ்ஸும் ஓட்டலாம்ணே, எங்க காலத்துல நாங்கல்லாம் ஓட்டினோம்," என்று சொல்லியிருந்தால் இந்த டிப்போ அவளைச் சும்மா விட்டிருக்குமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவள் உடைத்த குடம் மட்டும் எப்போதும் பொன்.

மதியத்துக்குள் பிரேக் அண்ணன் திரும்பி வந்துவிட்டார். ஷெட்டுக்குப் பின்னால், பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவள் டீயோடு நின்றிருந்தாள். அவரும் ஒரு டீயோடு வந்தார்.

"மெமோவாமே."

"ஆமாண்ணே."

"விடு. எனக்கு வராத மெமோவா. காக்காவுக்காக ஒரு தடவ வாங்கியிருக்கேன்." அவர் டயர்மேல் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. என் பேர ரெண்டு எடத்துல போட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா, நான் ஒருத்தன்தாம்மான்னு நேத்தே சொல்லியிருப்பேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. டம்ளரை டயர்மேல் வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"ரெண்டு வாய்க்கு," என்றாள்.

முதலில் புள்ளியியல் சார். "சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க." அவர் எதற்கு என்று கேட்பதற்குள் மேலாண்மை மேடத்தையும் அழைத்து, இரண்டு லைனையும் சேர்த்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், சார் லைன்ல இருக்காரு."

"எந்த சார்?"

"புள்ளியியல் சார். சார், மேடம் லைன்ல இருக்காங்க. நான் நடுவுல நடந்து நடந்து எனக்குக் கால் வலிக்குது. நீங்களே பேசிக்கோங்க."

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பிரேக் அண்ணன் எட்டிப் பார்த்தார். போகவில்லை. இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது.

"வணக்கம்," என்றார் மேடம் கடைசியில்.

"ம். வணக்கம்."

"பீரோ இன்னும் அங்கேயேதான் நிக்குது போலிருக்கு."

"அது உங்க பீரோ."

"என் பீரோதான். என் ரூம்ல இருந்துச்சு. தூக்கி வெளிய போட்டது நீங்க."

"ரூம எங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. பீரோவ வெளிய வைக்கச் சொல்லி நீங்களே சொல்லிட்டதா ஆபீஸ்ல சொன்னாங்க."

"நானா? நீங்க உடனே வெளிய போடச் சொன்னதா ஆபீஸ்ல என்கிட்ட சொன்னாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"நானும்தான் சொல்லல."

பிரேக் அண்ணன் டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு பீரோ. ஒரு கிளார்க் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொன்ன ஒரு பீரோவுக்காகத்தான் அவள் ஒரு வருஷத்தை இழக்க இருந்தாள். அதைப் பக்கவாட்டில் நழுவி நழுவியே மூன்று வருஷம் படித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெள்ளமாகப் பேசினார்கள். கிளார்க்கைத் திட்டினார்கள். லேப்பில் பாதி கணினி ஓடாததைத் திட்டினார்கள். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் போனபோது, "இந்த ஈவினிங் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல," என்றார் சார். "எல்லாத்துக்கும் வேலை வேலைன்னு ஒரு சாக்கு," என்றார் மேடம். அவ்வளவு வருஷம் பேசாதவர்கள் அந்த ஒரு விஷயத்தில் அப்படி ஒத்துப்போனார்கள்.

"சரி, இந்தப் பொண்ணு விஷயம்," என்றார் சார். "பிராக்டிகல் சனிக்கிழமையே இருக்கட்டும். வைவாவ நீங்க திங்கட்கிழமை வச்சுக்கோங்களேன்."

"திங்கட்கிழமை காலைல எனக்கு வசதிதான்."

"அப்ப முடிஞ்சுது. அவகிட்ட யாராவது சொல்லிருவாங்க."

"யாராவது வேண்டாம் சார்," என்றாள் அவள். "நான் லைன்லதான் இருக்கேன்."

"நீ இன்னும் வைக்கலையா?"

"இது என் போன் சார்."

பிரேக் அண்ணனுக்குப் புரை ஏறியது. அவள் கையைக் காட்டி அவரை அடக்கினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் உடைந்துவிடும் என்று தெரியும்.

"திங்கட்கிழமை என்னால முடியாது. டிப்போவுல புது டைம் தொடங்குது. நான் இல்லன்னா வண்டி கிளம்பாது, இது சாக்கு இல்ல மேடம், நீங்க வர்ற பஸ்ஸும் அதுல ஒண்ணு. ரெண்டு நாளா ரெண்டு பேர்கிட்டயும் வந்து நிக்கறேன். ஆத்துல ஒரு கால்னு சொன்னீங்க. மனசு வேணும்னு சொன்னீங்க. உனக்கு எப்பம்மா முடியும்னு மட்டும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா முந்தாநாளே சொல்லியிருப்பேன். சனிக்கிழமை காலைல பிராக்டிகல் எழுதறேன். மதியம் ரெண்டு மணிக்கு வைவா குடுக்கறேன். ஒரே நாள், ஒரே கட்டடம். நடுவுல இருக்கறது ஒரு பீரோதான்."

போனில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ரெண்டு மணிக்கு நான் ஃப்ரீதான்," என்றார் மேடம், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல். "முன்னாடியே இதச் சொல்றதுக்கென்ன?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி சரி," என்றார் சார். "அப்படியே வச்சுக்கலாம்."

"சரின்னா எங்க டிப்போவுல செல்லாது சார். மேடம், காலை பத்து மணிய நீங்க விட்டுக் குடுக்கறீங்க. குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"என்னம்மா இது விளையாட்டு?"

"சொல்லிருங்க மேடம். அப்புறம் நாளைக்கு ஆபீஸ்ல யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க."

பீரோ எல்லோர் மனதிலும் ஒரு தரம் வந்து போனது.

"குடுத்துட்டேன்," என்றார் மேடம்.

"சார்?"

"எடுத்துக்கிட்டேன்," என்றார் சார், மிக மெல்லிய குரலில். "வைக்கலாமா?"

"இப்ப வைக்கலாம் சார்."

அவள் போனை வைத்தாள். பிரேக் அண்ணன் எழுந்து நின்று, டீ டம்ளரை அவள் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள்.

"தங்கச்சி," என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அதே போன்ல மீசைக்கு ஒண்ணு போட முடியுமா?"

அவள் அவரை முறைத்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"இங்கேர்ந்து போட முடியாது," என்றாள். "சட்டம் சட்டம்தான். ஜன்னலுக்கு வாங்க."

உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரேக் அண்ணன் சுற்றிக்கொண்டு வந்து வெளியே நின்றார். போனை ஜன்னல் கட்டைமேல், அவருக்குப் பக்கத்தில், பேனா டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். மீசை ஏதோ ஒரு பஸ் நிலையத்தின் இரைச்சலிலிருந்து, "என்ன மேடம், மெமோவா?" என்று பதறினார்.

"மெமோ எனக்குத்தான்ணே. வியாழக்கிழமை காலை வண்டி. பிரேக் அண்ணன் குடுக்கறாரு."

"குடுத்துட்டேன்," என்று பிரேக் அண்ணன் கத்தினார், போன் இல்லாமலே மீசைக்குக் கேட்கிற அளவுக்கு.

"எடுத்துக்கிட்டேன். பாப்பாவ வேகமா ஓடச் சொல்லு, நீ வண்டி ஓட்டற மாதிரி ஓடிறப் போறா."

அவள் பேனாவைத் திறந்தாள்.

வியாழக்கிழமை மாலை கல்லூரிக்குப் போனபோது நோட்டீஸ் போர்டைச் சுற்றிக் கூட்டம். மேடத்தின் பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நல்ல பார்வை இல்லை. "உன்னாலதானா? சனிக்கிழமை மதியமும் போச்சு," என்றாள் ஒருத்தி.

புதுக் காகிதம் இப்படி இருந்தது: ஒரு மாணவியின் தனிப்பட்ட காரணங்களை முன்னிட்டு, பிராஜெக்ட் வைவா பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றப்படுகிறது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தனிப்பட்ட காரணங்கள். அவளுக்கு ஏதோ கல்யாணம், காதுகுத்து என்பதுபோல். முந்தைய நாள் அடங்கிய கொதிப்பு பாத்திரத்தோடு எழும்பியது. காகிதத்தைக் குண்டூசியோடு பிடுங்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், இதுல காரணம் தப்பா இருக்கு."

கிளார்க் சிரித்தார். "அதான் நேரம் மாத்திக் குடுத்தாச்சே. அத வாங்கிக்கிட்டுப் போயேம்மா."

"நேரம் சரியா இருக்கு. காரணம் என்னோடது இல்ல. ஒரே ஆள ரெண்டு எடத்துல போட்டது நான் இல்ல. எங்க ஆபீஸ்ல அத நான் செஞ்சேன், நான்னுதான் எழுதிக் குடுத்தேன்."

"ஒரு வார்த்தைக்காக இப்படி நிப்பியா?"

"நிப்பேன்."

கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குப் புதிது. ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும் என்று தோன்றியது.

"வாசகத்த மாத்தணும்னா ரெண்டு டிபார்ட்மெண்டும் சொல்லணும்," என்றார் கிளார்க், தன் கடைசி ஆயுதத்தை எடுத்து.

"ஓ, சொல்லணுமா," என்றாள் அவள். பையிலிருந்து போனை எடுத்தாள். "ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிடவா? இப்பல்லாம் அவங்க நல்லா பேசிக்கறாங்க. பீரோ விஷயம்கூட அப்படியே உங்ககிட்ட கேட்டுருவாங்க."

கிளார்க்கின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவர் கணினிப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. அட்டவணையில் ஏற்பட்ட தவறு காரணமாக, என்று இருந்தது. யாருடைய தவறு என்று இல்லை. அதற்குமேல் கேட்டால் வகுப்பு போய்விடும். வெள்ளிக்கிழமைக் கெடுக்கள் இரண்டும் அப்படியேதான் இருந்தன, ரெக்கார்டு நோட்டில் இன்னும் நான்கு கணக்கு பாக்கி.

அவளே கொண்டு போய்க் குத்தினாள். நான்கு மூலையிலும் குத்தினாள். மேடத்தின் பட்டியல்காரர்கள் மறுபடி படிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பையை நெஞ்சோடு அணைத்து, பீரோவைத் தாண்டி ஓடினாள்.

வகுப்பு ஆரம்பித்திருந்தது. புள்ளியியல் சார் பலகையில் பாதி எழுதிய கோட்டோடு திரும்பினார். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். அப்புறம் பழக்கம் ஜெயித்தது.

"ஏம்மா லேட்டு?"

அவள் மூச்சு வாங்கினாள். வகுப்பே பார்த்தது.

"தனிப்பட்ட காரணம் சார்," என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.